தூக்குப்போசியும் பாதாளக் கதவும்

தூக்குப்போசிக்குள் மறுபடியும் மீன்.

பிரபாகர் மூடியைத் திறந்த வேகத்திலேயே மூடினான். மிளகாய்ப்பொடி பூசிக்கொண்டு எண்ணெயில் இறங்கிய ஒகேனக்கல் மீன்கள். பள்ளிக்கூட நாளில் ஒரு முள் தொண்டையில் சிக்கி ஆஸ்பத்திரிவரை போய் வந்ததிலிருந்து, மீன் வாசனை வந்தாலே அவன் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். இதை வாசலில் காக்கிச் சட்டையோடு நின்ற எதிர் அறை மாது அண்ணனிடம் சொல்லியிருக்கலாம்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்புடுங்க தம்பி. போன தடவ புடிச்சிருந்துச்சுங்களா?"

"பிரமாதம்ணே" என்றான் பிரபாகர்.

சிக்கல் முழுக்க அந்தப் பிரமாதத்தில்தான் இருந்தது.

பென்னாகரத்தில் மதலேனம்மாள் வீட்டு மாடியில் எதிரெதிராக இரண்டு ஒற்றை அறைகள். ஒன்றில் பிரபாகர். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்று அவனை மயிலாடுதுறையிலிருந்து பெயர்த்து இங்கே நட்டிருந்தது. கிளை அலுவலகத்தில் மேனேஜரும் அவன்தான், பெருக்குகிறவனும் அவன்தான். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் தர்மபுரி பஸ் போய்விட்டதா என்று கேட்க வருபவர்கள். எதிர் அறையில் மாது. ஒகேனக்கல் பஸ்சில் கண்டக்டர். மகளின் படிப்புக்காக மனைவியும் மகளும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரோடு ஒட்டி நின்று ஒருவருக்கொருவர் வழிவிடுவார்கள். பல மாதமாக அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு கதவுகளுக்கும் நடுவே கைப்பிடியும் மூடியும் வைத்த இந்த எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. பெயர் வெட்டியிருந்த இடம் தேய்ந்து ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே சீம்பால். மாடியில் வேறு யார் இருக்கிறார்கள்? எதிர் அறைக்காரர்தான் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும் என்று பிரபாகர் முடிவு செய்தான். வெல்லம் போட்டுக் காய்ச்சித் தின்றான். பாத்திரத்தைக் கழுவினான். யாராவது பலகாரம் கொடுத்த பாத்திரத்தை அவன் அம்மா ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போடுவாள். அவன் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் மைசூர்பாகு வாங்கி நிரப்பிக்கொண்டு போய் மாதுவின் கதவைத் தட்டினான்.

மாது போசியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் போசியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் போசி மீனோடு திரும்பியது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பிரபாகருக்குப் புதிது இல்லை. தினமும் மாலையில் அவன் செய்வது அதுதான். அவனுடைய பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு கிராமம், நடுவே ஒரு வறண்ட கிணறு, கிணற்றுக்குக் கீழே அடுக்கடுக்காகப் பாதாளம். காலையில் கிராமத்து மனிதர்களைப் பார்த்துப் பேச வேண்டும், அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் தலைக்கு மேல் ஒரு சிவப்பு இதயம் மலரும். இதயங்கள் நிறைந்தால் அவர்கள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கூடவே பாதாளத்துக்கு இறங்கி வருவார்கள். வாளும் வௌவாலும் புதையலும் அதற்கப்புறம்தான்.

பிரபாகருக்குப் பிடித்தது சண்டை முடிந்து மேலே ஏறி வரும் நேரம். கிணற்றுச் சுவரில் கை வைத்து வெளியே வந்தால் கிராமத்தில் அந்தி மயங்கியிருக்கும், பின்னணியில் யாரோ புல்லாங்குழல் ஊதுவார்கள், கொல்லன் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்று எவ்வளவு ஆழம் போனாய் என்று கேட்பான். வெளியே இருந்த பென்னாகரத்தில் அவனை யாரும் அப்படி எதையும் கேட்பதில்லை.

அதனால் மாதுவின் மீனைப் பார்த்ததும் அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான்: பிடிக்கவில்லை என்று சொன்னால் இதயம் குறையும்.

மீனை மொட்டைமாடியில் ஒரு பூனைக்கு வைத்தான். அந்தப் பூனை விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் கைப்பிடிச் சுவர் நெடுக, பஸ்சுக்குக் காத்திருக்கும் கூட்டம்போல் பூனைகள் உட்கார்ந்திருந்தன.

சரி, இனி மைசூர்பாகோடு பேச்சையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று, அடுத்த முறை போசியோடு போனபோது மாதுவை அறைக்கு அழைத்தான். விளையாட்டின் புல்லாங்குழல் சத்தத்தைத் தினமும் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்த மாது உடனே வந்தார். கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கிணற்று மேட்டில் ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யாரு இந்தப் பெரியவரு? டிக்கெட் எடுக்காதவன் மாதிரியே மூஞ்ச வச்சிருக்காரு."

கிணற்றுக் காவல்காரர் என்றான் பிரபாகர். அடியில் கடைசியாக ஒரு கதவு இருக்கிறது, அதன் முன்னால் இரண்டு கல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏறி நின்றால்தான் திறக்கும். இவர் வந்தால்தான் உண்டு. பூ, தேன், மாணிக்கம் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார்.

மாது தாடையைத் தேய்த்தார். "தண்ணி இல்லாத கெணத்துல உக்காந்திருக்கற மனுசன். மீனு குடுத்துப் பாருங்க."

கொடுத்தான். காவல்காரர் தலைக்கு மேல் இதயம் ஒன்றல்ல, கொத்தாக மலர்ந்தது.

"மீன்தான்ணே! மீன்தான்!" என்று பிரபாகர் கத்திவிட்டான்.

மாது அதை மனதில் குறித்துக்கொண்டது மறுநாள்தான் தெரிந்தது. போசியின் மூடி மூட முடியாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் பணி முடிந்து வரும்போதெல்லாம் மாது, "இன்னைக்கு எத்தன மாடி எறங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். கதவைத் திறக்கிற அன்றைக்கு மட்டும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். பிரபாகர் காவல்காரரோடு அந்தக் கதவுவரை எப்போதோ போய்விட்டான். இருந்தாலும் கல்லின்மேல் ஏறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தான். கதவைத் திறந்தால் விளையாட்டு முடிந்துவிடும். பிறகு எதைச் சொல்லி அவரைக் கூப்பிடுவது? இன்னும் ஒரு சாவி கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை மதலேனம்மாள் மாடியேறி வந்தார். பூனைகளைக் கையால் விலக்கிக்கொண்டுதான் வர முடிந்தது.

"தம்பி, வூடு உனக்கு விட்டனா, பூனைக்கு விட்டனா?"

பிரபாகர் மென்று விழுங்கினான். மாது அண்ணன் அன்பாகக் கொடுக்கிறார், தனக்கு மீன் ஆகாது, மனசு நோகுமே என்று சொல்லவில்லை என்றான்.

"நல்லாருக்குது போ. அந்தாளுக்குச் சக்கர வியாதி. நீ குடுக்கற மைசூர்பாகு பூரா எம் பேரனுக்குத்தான் வருது. அவனுக்குப் பல்லு சொத்தையே வந்துருச்சு."

விளையாட்டில் தவறான பரிசு கொடுத்தால் உடனே ஒரு கறுப்பு மேகம் காட்டும். இங்கே மேகம் எதுவும் தெரியவில்லை. ஒரு சர்க்கரை நோயாளிக்குப் போசி போசியாக மைசூர்பாகு கொடுத்திருக்கிறான், அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறார்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, சர்க்கரைக்காரர் சாப்பிடக்கூடியதைத் தன் கையாலேயே செய்து கொடுப்பது. ராகிக்களி. ஞாயிறு காலையில் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக் களி கிண்டினான். வீடியோவில் இருந்த பெண்ணிடம் களி கிண்டும் மரத்துடுப்பு இருந்தது. இவனிடம் தோசைக் கரண்டி இருந்தது. அவள் மாவையும் தண்ணீரையும் ஏதோ ஒரு கணக்கில் போட்டாள். இவன் இன்னொரு கணக்கில் போட்டான். சூடாக இருக்கட்டும் என்று போசியில் அடைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது களி போசியின் ஒரு பாகமாக மாறியிருந்தது. கவிழ்த்தான், விழவில்லை. கரண்டியை விட்டான், கரண்டி வளைந்தது. வெந்நீர் ஊற்றினான், மேலே மட்டும் பளபளத்தது. கடைசியில் அலுவலகத்துக் குழாய் ஸ்பேனரை எடுத்து அடியில் ஒரு தட்டுத் தட்டினான். களி அசையவில்லை. போசி நெளிந்தது. நெளிவை நிமிர்த்த உள்பக்கம் தட்டினான். அப்போது களி மொத்தமாக வெளியே வந்து விழுந்தது. அது விட்டுப்போன இடத்தில், போசியின் அடி வழியாக, சூரிய வெளிச்சமும் வந்தது.

பூனைகள் களியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.

பிரபாகர் ஓட்டைப் போசியோடு மாடிப்படியில் உட்கார்ந்தான். விளையாட்டில் ஒருமுறை, தெரியாமல் கொல்லனுக்கு உடைந்த லாந்தரைப் பரிசாகக் கொடுத்துவிட்டான். மாதக்கணக்கில் சேர்த்த இதயங்கள் ஒரே நொடியில் அணைந்துபோயின. கொல்லன் அதற்கப்புறம் வெகுநாள் எவ்வளவு ஆழம் என்று கேட்கவே இல்லை. மாது மத்தியானம் பணி முடிந்து வருவார். இது அவர் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த போசியாகக்கூட இருக்கலாம். அப்புறம் இந்த ஊரில் அவன் கதவைத் தட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பால்கார முனியம்மாள் படியேறி வந்தாள். மாதுவுக்கு அரை லிட்டர் ஊற்றுகிறவள். அவள் கையில் இருந்த புத்தம்புதுத் தூக்குப்போசி வெயிலில் கண் கூசப் பளபளத்தது.

"என்னங்க தம்பி, போசிய இந்தக் கோலம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"மாது அண்ணனோடதுக்கா. உடைச்சிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முனியம்மாள் அதை வாங்கி, ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள்.

"இது அவுருதுன்னு யாரு சொன்னா? என்னுதுங்க. மாடு கன்னு போட்டப்ப, ரெண்டு வூடும் பூட்டிக் கெடக்குதேன்னு நடுவுல சீம்பால வச்சிட்டுப் போனது நாந்தான்."

அப்படியானால் மாது முதல் நாள் போசியை அவ்வளவு நேரம் பார்த்தது அதனால்தான். அவர் இதைப் பிரபாகருடையது என்று நினைத்திருக்கிறார். வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று மீனைப் போட்டிருக்கிறார். இவன் மறுபடியும் நிரப்பி அனுப்ப, அவரும் மறுபடியும் நிரப்பி அனுப்ப, இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றுகொண்டிருந்திருக்கிறார்கள். இதயம் ஒன்றுகூட மலர்ந்திருக்கவில்லை.

"பாவம்க்கா அவர்" என்றான், குரல் இறங்கி. "இது உங்களுதுன்னு அவருக்கும் தெரியாது, இல்ல?"

"தெரியாதா? அடுத்த வாரமே அவுருகிட்ட வந்து கேட்டனே" என்று தன் புதுப் போசியைத் தூக்கிக் காட்டினாள் முனியம்மாள். "அப்பத்தான் இத வாங்கிக் கையில குடுத்து, 'பழசக் கேக்காத முனியம்மா, அது சுத்திக்கிட்டு இருக்கற வரைக்குந்தான் எங் கதவ ஒரு ஆளு தட்டும்'னாருங்க."