கூரை வேண்டாம் என்ற முனி

அந்த வெள்ளிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போன பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எல்லோரும் குண்டுச்சாமியைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். நான் மட்டும் சர்க்கார் செலவில்.

விஷயம் இதுதான். அங்கே கூலிக் குடும்பங்களுக்காகச் சர்க்கார் கட்டத் தொடங்கிய நாற்பது வீடுகள் ஐம்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து வெறும் சுவராக நின்றன. சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு கமிட்டி வந்து சுவரைப் பார்த்தது. இன்னொரு கமிட்டி வந்து, முதல் கமிட்டி பார்த்த சுவர் இதுதானா என்று பார்த்தது. மூன்று வருஷம் கழித்து, வேலையை முடித்துவைக்க என்னை அனுப்பினார்கள். நான் வேதாந்தம், பி.ஏ., கிளார்க்.

காண்டிராக்டர் செங்கல்வராயன் இளநீர் கொடுத்துக் காரணம் சொன்னார். பதினேழாம் நம்பர் வீட்டுக்கு அடியில் ஒரு முனி இருக்கிறதாம். தலைக்கு மேலே கூரை வந்தால் அதற்குப் பிடிக்காதாம். சந்தேகமிருந்தால் குண்டுச்சாமியைக் கேட்கலாம் என்றார். சாமியையும் அவரே கூட்டி வந்திருந்தார்.

சாமியின் சாதனம், சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார்கள் பார்க்கும் தூக்குக்குண்டு. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூரை போடலாமா என்று முனியைக் கேட்பார். குண்டு சுழலும். சுழன்றால் முனி மறுக்கிறது என்று அர்த்தம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் சற்றுப் பலமாகவே போட்டுக்கொண்டேன். அத்தோடு விடாமல், முனியின் சம்மதம் வரும்வரை பணியை நிறுத்தி வைக்கலாம் என்று ஃபைலில் குறிப்பும் எழுதினேன். அருமையான இங்கிலீஷ்.

பதினேழாம் நம்பர் சின்னப்பொண்ணுக்கு ஒதுக்கிய வீடு. அவள் சித்தாள், அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவளே அவள்தான். அவள் மகள் பாப்பா பிரசவித்துப் பதினைந்து நாள். அந்த நாலு சுவருக்கு நடுவே, பனையோலைக்குக் கீழே, பச்சைப்பிள்ளையோடு கிடந்தாள். ஐப்பசி மழைக்கு ஒரு வாரம்கூட இல்லை. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை.

சின்னப்பொண்ணு நேரே என்னிடம் வந்தாள்.

"கிளார்க்கய்யா, பத்து வருசமா இந்தக் குண்டத்தான் பாத்துகினு கீறேன். அது சொம்மாத்தான் தொங்கும். அந்தாளு கண்ணக் கட்டிட்டுக் கேக்கச் சொல்லு."

அத்தனை பேர் முன்னால் சாமியால் மறுக்க முடியவில்லை. என் அங்கவஸ்திரத்தாலேயே கண்ணைக் கட்டினாள். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். நிறுத்திய இடம் காண்டிராக்டரின் பூட்டிய கொட்டகை வாசல்.

"பதினேழாம் நம்பரு வந்துடுச்சு சாமி. கேளு."

செங்கல்வராயன் அவசரமாக இருமினார். குண்டு அதுவரை சுழலாத வேகத்தில் சுழன்றது. முனி இங்கேதான் இருக்கிறது, கடுங்கோபத்தில் இருக்கிறது என்று சாமி முழங்கினார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமி கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு காண்டிராக்டரை முறைத்தார்.

"இன்னாய்யா, நீதான இருமுன? இருமுனா சுத்தச் சொன்னியே!"

"முனி இங்க கீதாமே," என்றாள் சின்னப்பொண்ணு. "தொறந்து பாத்துடலாம்."

சாவி கேட்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே சர்க்கார் முத்திரை போட்ட, கூரை தாங்கும் கைமரங்களும் ஓடுகளும் இருபது வீட்டுக்கு இருந்தன. மீதி இருபது வீட்டின் ஓடு மகாபலிபுரத்தில் ஒருவர் பங்களா மேல் ஏறிவிட்டதாகச் செங்கல்வராயனே போலீசில் ஒப்புக்கொண்டார்.

மழைக்கு முந்தின நாள் பாப்பாவின் தலைக்கு மேல் கூரை வந்தது. முனி ஒரு வார்த்தை பேசவில்லை.

என் குறிப்பைப் படித்த மேலதிகாரி, காலேஜில் என்னய்யா படித்தாய் என்று கேட்டார். தர்க்கசாஸ்திரம் என்றேன், முதல் வகுப்பு.

ஆகவே, என்னைப் போலப் படித்தவர்களே, நின்றுபோன வேலைக்கு எவனாவது முனியைக் காரணம் காட்டினால், கன்னத்தில் போட்டுக்கொள்ளுமுன் பூட்டிய கொட்டகையைத் திறந்து பாருங்கள். அந்த யோசனை வராவிட்டால், பக்கத்தில் கல் சுமக்கிறவளையாவது கேளுங்கள்.