மாப்பிள்ளையின் இடது காது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்பதை, நீங்கள் அரசுத் தொலைக்காட்சியில் வாசிக்கும் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதில் எல்லோருமே சுகமாகத்தான் இருக்கிறார்கள். போனில் கேட்கலாம் என்றால் உங்களுடையது ஆபீஸ் கொடுத்த போன். அதனால்தான் கடிதம். உறையின் ஒட்டு பிரிந்திருந்தால் மேற்கொண்டு படிக்காமல் கிழித்துப் போடவும்.

விஷயம் உங்க இடது காது. ரயில்ல டிக்கெட் பரிசோதிச்சே தலை நரைச்சவன் நான், திருட்டு முழியை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன். "பால் விலை உயராது"ன்னு வாசிச்சீங்க, காதைச் சொறிஞ்சீங்க. விடிஞ்சா விலை ஏறிடுச்சு. "இனி மின்வெட்டு இல்லை"ன்னு சொறிஞ்சீங்க. நீங்க கையை இறக்குறதுக்குள்ள கரண்டு போச்சு. ஆகா, மாப்பிள்ளை நமக்குச் சாடை காட்டுறாருன்னு பூரிச்சுப்போய்த் தெரு முழுக்கச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து செய்தி நேரத்துல எல்லார் கண்ணும் உங்க காதுலதான்.

திங்கட்கிழமை, "அணை உறுதியாக இருக்கிறது, யாரும் வெளியேற வேண்டாம்"னு வாசிச்சுட்டுச் சொறிஞ்சீங்க பாருங்க, அப்பப்பா! தெருவே மூட்டை கட்டிப் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிடுச்சு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினையே தலையில தூக்கிட்டு வந்தார். வாரம் முடியப்போகுது, ஒரு சொட்டுத் தண்ணி வரலை. "உங்க மாப்பிள்ளை காதை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்"னு அவர் காறித் துப்பாத குறை. வதந்தி கிளப்பினது யாருன்னு ரெண்டு பேர் வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. உங்க வேலைக்கே உலை வெச்சுட்டேன் போலிருக்கு.

பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டா, அவ சிரிக்கிறா. "சாடையும் இல்லை, மண்ணும் இல்லைப்பா. வாசிக்கிறப்ப அவர் காதுல ஒரு கருவி மாட்டிவிடுறாங்க. மேலதிகாரி அதுல, 'அதை விடு, இதை வாசி'ன்னு கத்துறப்பல்லாம் இவருக்குக் காது அரிக்குது"ங்கிறா. வெறும் அரிப்பை நம்பியா குடும்பத்தோட மாடி ஏறினேன்! மானம் போச்சு, மாப்பிள்ளை. இத்துடன் அரிப்புக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன், வேளை தவறாமல் போடவும். கேமரா முன்னால் கை கீழேயே இருக்கட்டும். நாளைக் காலையில் நாங்கள் எல்லோரும் வீடு திரும்புகிறோம்.

வேலையும் குடும்பமும் தழைத்திருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டலாம் என்று காலையில் எழுந்தவன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நம் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிகிறது. தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். தபால் பெட்டியும் தண்ணீருக்குள்ளே. இதைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். களிம்பை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க மாப்பிள்ளை, நல்லா அரிக்கட்டும்.