அப்பா ஆடிய டிரா

"உயிரே போனாலும் இன்னைக்கு வாசலைத் தாண்ட மாட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சபதம் எடுத்தார். அம்மா காதில் விழாத அளவுக்குச் சத்தமாக எடுத்தார்.

காரணம் டெஸ்ட் மேட்ச். கடைசி நாள். ஜெயிக்க வழியே இல்லை. சாயங்காலம் வரைக்கும் நம்ம ஆட்கள் அவுட் ஆகாமல் கட்டை போட்டால் டிரா. அந்த அழகை ஒரு பந்து விடாமல் பார்த்தாக வேண்டும் அப்பாவுக்கு. அதே நாளில்தான் தன் அண்ணன் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போகணும் என்று அம்மா நாள் குறித்திருந்தாள்.

மாமா ஜன்னல் வியாபாரி. சொந்த வீட்டில் எத்தனை ஜன்னல் வைத்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் திறப்பார், மூடுவார், "தெருச் சத்தம் கேட்குதா மாப்பிள்ளை? கேட்காது" என்று மூக்கால் சொல்வார். நான் அதே மூக்கால் பேசினாலே அப்பா சோபாவுக்குப் பின்னால் பதுங்குவார்.

"வரலைன்னு நேராச் சொல்லிடுங்களேன்பா."

"போடி வாலு. அது அடிச்சு ஆடற ஆட்டம். உங்கம்மாகிட்ட முதல் பந்துலயே போல்டு. நேரத்தைக் கடத்தணும். வாடகைக் கார்க்காரன் எவ்வளவு நேரம் நிப்பான்? அவன் கிளம்பிட்டா டிரா."

கார் வந்து ஹார்ன் அடித்தது.

"ஏங்க, கிளம்பலையா?"

"சட்டை மட்டும்தான்மா பாக்கி."

சட்டை பட்டனை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்தார். கடைசிப் பட்டனுக்கு ஓட்டை இல்லை. கீழிருந்து மேலே கழற்றிக்கொண்டு போனார். கண்ணாடியைத் துடைத்தார். போட்டுப் பார்த்தார். எதிரே அம்மா தெளிவாகத் தெரிந்ததால் மறுபடி கழற்றித் துடைத்தார். ஷூ மாட்டி லேஸ் கட்டி முடித்த பிறகு சாக்ஸ் ஞாபகம் வந்தது. "தண்ணி" என்று கையைத் தூக்கினார்.

"மைதானத்தில் பானங்கள் இடைவேளை. பேட்ஸ்மேன் அபார நிதானம்" என்றேன், கமெண்டரிக்காரர் குரலில்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு அம்பயர் மாதிரி நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அங்கேயே லேசாகச் சந்தேகம்.

ஹார்ன் நீளமாக அலறியது. அப்பா "ஆ" என்று வலது காலைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தார். விழுந்தது டிவிக்கு நேர் எதிர் சோபா.

"என்னாச்சு?"

"சதை பிடிச்சுக்கிச்சு."

அம்மா தைலம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் டிவியில் ஒரு கேட்ச் நழுவியது. பதற்றத்தில் அப்பா இடது காலைப் பிடித்துவிட்டார்.

"இப்போ வலதுன்னீங்க?"

அப்பா அசரவில்லை. "வலி ஒரு ரன் ஓடிருச்சும்மா. இந்த எண்டுக்கு வந்துருச்சு."

அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். "பாவம், இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க வருவீங்க? நீட்டி உட்காருங்க." வெளியே போய்க் காரை அனுப்பினாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அப்பா இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தியா? ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. இதுல இருக்கற நிம்மதி வேற எதுல இருக்கு?"

மத்தியானம் முழுக்க அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. காலுக்குத் தலையணை, கைக்குக் காபி. திரையில் கடைசி இரண்டு பேர் கட்டை மேல் கட்டையாகப் போட்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் அப்பா சோபாவிலேயே காலை முன்னால் வைத்து ஆடினார். எந்தக் கால் என்பதை அவரும் மறந்துவிட்டார். உள்ளே அம்மா பாட்டு முணுமுணுத்தாள்.

டீ இடைவேளை முடிந்தது. இன்னும் ஒரே ஒரு செஷன். வாசல் மணி அடித்தது.

ஜன்னல் மாமா. ஒரு கையில் செல்போன், ஒரு கையில் ஒயர்.

"எழுந்திரிக்காதீங்க மாப்பிள்ளை. கால் பத்திரம். நீங்க வர முடியலைன்னா என்ன, வீட்டையே படம் பிடிச்சுக் கொண்டாந்துட்டேன்."

ஒயரை டிவியில் சொருகினார். பந்து வீச ஓடி வந்தவர் பாதி வழியில் மறைந்தார். அந்த இடத்தில் ஒரு ஜன்னல். திறந்தது. மூடியது.

"சத்தம் கேட்குதா மாப்பிள்ளை?"

"கேட்கலை" என்றார் அப்பா. அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

"நீங்க போகலைன்னா ஆட்டம் ரத்தாயிடுமா? மைதானத்தை மாத்துவாங்க, அவ்வளவுதான்" என்று அம்மா மாமாவுக்கு நாற்காலி போட்டாள்.

அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. "இருட்டறதுக்குள்ள கிளம்பிடுவீங்கல்ல மச்சான்?"

மாமா அடுத்த ஜன்னலைத் திறந்தார்.

"அதெப்படி மாப்பிள்ளை? காலையில வீணாப்போன நேரத்தையும் சேர்த்து இருந்துட்டுத்தான் போகணும்னு தங்கச்சி கண்டிஷனாச் சொல்லிட்டா."