பானட்டைத் திறந்து பார்த்தவர்

பழைய கார் வாங்கப் போகிறவர்களைச் சோதிப்பதற்கென்றே ஆண்டவன் தனியாக ஓர் இனத்தைப் படைத்திருக்கிறான்: வண்டி பார்த்துச் சொல்பவர். கனடாவில், எங்கள் மனிடோபா மாகாணத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. இவர் மெக்கானிக் அல்ல. மெக்கானிக்குகளைக் கண்டாலே இவருக்கு ஆகாது. டயரை ஓர் உதை உதைப்பார், பானட்டைத் திறந்து இடுப்பில் கைவைத்து நிற்பார், என்ஜின் ஓசைக்குக் கண்ணை மூடித் தலையாட்டுவார், ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்துவிட்டு, அருகில் நிற்பவர்கள் மூச்சுவிடவும் பயந்துகொண்டிருக்கையில், "எடுத்துக்க" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

எங்கள் தெரு வெர்னன், தன் மனைவியின் தங்கை டார்லாவுக்கு அப்படித்தான் ஒரு நீலக் கார் பார்த்துக் கொடுத்தார். டார்லா நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பதினோராம் நாள் கியர் பாக்ஸ் உயிரை விட்டது. திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே எண்ணெய் தார் மாதிரி இருக்கிறது, இது பல மாதத்துப் பழுது என்று கைப்பட எழுதியே கொடுத்தார். விற்ற கடையோ, எங்களைவிட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது என்று சாதித்தது. பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த வழியில் பஸ்ஸும் கிடையாது. வண்டி இல்லையென்றால் டார்லாவுக்கு வேலை இல்லை.

கடையில் போய்ப் பேச யாரைக் கூப்பிடுவது? வேறு யாரை? என் காரில்தான் மூவரும் போனோம். வழியெல்லாம் வெர்னன் ஒத்திகை பார்த்தார்.

குறை சொல்லக்கூடாது, முதல் அரைமணி நேரம் நன்றாகவே பேசினார். மேனேஜர் கார்ல், மெக்கானிக்கின் கடிதத்தை இரண்டு முறை படித்தார், கழுத்தைச் சொறிந்தார், கியர் பாக்ஸை மாற்றித் தர முதலாளியிடம் கேட்கிறேன் என்று போனைக்கூட எடுத்துவிட்டார். பிறகு சும்மா கேட்பதுபோல் ஒன்று கேட்டார்.

"வாங்குறதுக்கு முன்னாடி, விஷயம் தெரிஞ்சவங்க யாராவது வண்டியைப் பாத்தாங்களா?"

டார்லா வெர்னனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் இருமினேன்.

"நான்தான் பாத்தேன்," என்றார் வெர்னன். "முப்பது வருஷமா பாக்கறேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுது இருக்க முடியாது."

"அப்போ அன்னைக்கு கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு?"

"கியர் மாறுறதே தெரியலை. வெண்ணெய் மாதிரி."

கார்ல் போனைக் கீழே வைத்தார். சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி நீட்டினார். வெர்னன் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு மட்டும் காபி வந்தது. உங்களை மாதிரி ஆட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள் என்று கார்ல் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் டார்லா வெர்னன் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியாம போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வெர்னன். போறது என் வேலையாச்சே," என்றாள்.

வெர்னன் நிஜமாகவே புண்பட்டுப்போனார்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

அவரை நடுவழியில் இறக்கிவிடலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே மைனஸ் இருபது என்பதால் பிழைத்தார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? எண்ணெய் தார் மாதிரி இருந்தது என்று படித்தபோதே, 'இதைக்கூடப் பார்க்கவில்லையா, நானாக இருந்தால் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேனே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதா, இல்லையா? சொன்னதென்றால் ஒரு சின்ன வேண்டுகோள். டார்லா வேறு கார் தேடிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.