எல்லைக்கல்லார் குனிய மறுத்த கதை

சித்தூர் ஜில்லாவில் எல்லைக்கல்லாரைப் போல இன்னொரு பிடிவாதக்காரர் இருந்து, இருவரும் நடுரோட்டில் சந்தித்திருந்தால், இன்றைக்கும் அந்த வழியாக பஸ் போயிருக்காது.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்த காலத்தில் அவர் சர்வே இலாகாவில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். நட்ட கல்லை இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் நகர்த்தப் பார்த்தபோது, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தாசில்தார் வரும்வரை இறங்கவில்லையாம். அன்றைக்கு ஒட்டிய பேர் அது.

என்னிடம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். சித்தூரில் அப்போது பிசியோதெரபி மையம் வைத்திருந்தேன். எலும்பு பஞ்சுபோல் ஆகிவிடும் எலும்புப்புரை நோய் அவருக்கு. அது தெரியாமல் கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போய், முதுகெலும்பு ஓரிடத்தில் நசுங்கிவிட்டது. வலி அடங்கியதும் டாக்டர் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். மகன் முனிரத்தினம் அவரைக் கண்ணாடிச் சாமான்போல் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நடந்தா உழுந்துடுவாரும்மா. படுக்க வெச்சே சோறு குடுத்துக்கினு இருக்கேன்."

"படுத்தே இருந்தா எலும்பு இன்னும் மோசமாகும்" என்றேன்.

"கேட்டுக்கினியாடா?" என்றார் எல்லைக்கல்லார்.

"ஆனா ஐயா, எதுக்காகவும் முன்னால குனியக் கூடாது. முதுகை நேரா வெச்சு, முட்டியை மடக்கித்தான் இறங்கணும்."

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஊருக்கு ஆபத்தில்லை.

முதல் பயிற்சி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. கால் நடுங்கியது; தொப்பென்று உட்கார்ந்தார். இன்றைக்குப் போதும் என்றேன். "ஏந்திரிச்சாதான் ஊட்டுக்கு" என்றார். மற்ற நோயாளிகள் வந்து போனார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கியபோது எழுந்து நின்று, "இப்ப போலாம்டா" என்றார்.

அதன்பிறகு அவர் குனியவே இல்லை. சலூன்காரர் பிடரி முடியை முட்டி போட்டு வெட்ட வேண்டியிருந்தது. காணிப்பாக்கம் கோயிலில் அர்ச்சகரிடம், "தட்டக் கொஞ்சம் மேல தூக்கு சாமி, டாக்டரம்மா குனியக் கூடாதுன்ட்டாங்க" என்றாராம்.

குடிபாலாவில் அவர் தம்பி மகன் கல்யாணம். நானும் போயிருந்தேன். மணமக்கள் காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் செய்யக் குனிய வேண்டும். எல்லைக்கல்லார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதுகு விறைப்பாக, மெதுவாக இறங்க ஆரம்பித்தார். நான் சொல்லிக் கொடுத்திருந்தது நாற்காலி உயரம் வரைதான். அவரோ தரை வரை போய், மாப்பிள்ளைக்கு நேரெதிரே குந்திக்கொண்டார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"நல்லா இருங்க" என்று இருவர் தலையிலும் கை வைத்தார்.

எழ முயன்றபோது தொடை உதறியது. முனிரத்தினம் ஓடினான்.

"வேணாம் நைனா, கையக் குடு."

"தொடாதடா."

விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அப்புறம் மகன் நினைத்தபடி படுக்கைதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, முழுசாக நின்றார். முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுவாரம் மையத்துக்கு வரும்போது, அப்பாவைப் பிடிக்காமல் இரண்டடி பின்னால் நடந்து வந்தான்.

அடுத்த வருஷம் என் கணவருக்கு வேலை மாற்றலாகி, மையத்தைத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். சித்தூரில் பிசியோதெரபி படித்த நல்ல பையன் ஒருவனிடம் அவரை ஒப்படைத்திருந்தேன். ஒரு நாள் கதவைத் திறந்தால் எல்லைக்கல்லார் நிற்கிறார், தனியாக.

"பஸ்ல சீட்டு கெடைச்சுதா ஐயா?"

"கெடைச்சுது. குலுக்குச்சின்னா முதுகுக்கு ஆவாதேன்னு நின்னுக்கினு வந்தேன்."

பிரேக் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திட்டத் தொடங்கினேன்.

"திட்டி முடிச்சிட்டு நாற்காலியப் போடும்மா" என்றார் அவர். "அந்தப் பையன் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறான். ஆனா திட்ட மாட்டேன்றான்."