இடப்பக்க மலை

மாத்தளையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த அரச காரியாலயத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உத்தியோகத்தர்கள் தங்கள் மன அழுத்தத்தை இனி வாயால் சொல்லக் கூடாது. இதயமே முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் லீவு.

அங்கே கோப்பு எழுதும் கிளாக் ஸில்மியாவுக்கு லீவு வேணும். வெள்ளிக்கிழமை உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன். பல்லேபொல பஸ்ஸில் நசுங்கி வந்து, படியேறி, மூச்சு வாங்க மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அழுத்த அளவீட்டு இணைப்பாளர் கிஷாந்த் விரலில் கிளிப்பை மாட்டினான்.

திரையில் இரண்டு மலை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலான நேரம் மெதுவாகக் கூடிக் குறைந்தால் இடப்பக்க மலை உயரும், அது அழுத்தம். வேகமாகக் கூடிக் குறைந்தால் வலப்பக்கம், அது நிம்மதி. பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்களாம்.

ஸில்மியாவுக்கு வலப்பக்கம் ரிவர்ஸ்டன் மலை மாதிரி எழும்பி நின்றது.

"மிஸ், உங்களுக்குக் கடும் நிம்மதி."

"தம்பி, கை நடுங்குறது தெரியலயா?"

"கை நடுக்கத்துக்கு மலை இல்ல மிஸ்."

அடுத்தது பெரியவர் மக்கீன் சேர். புரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர், கிளிப்போடு கண்ணயர்ந்து நீள நீளமாகக் குறட்டை விட்டார். இடப்பக்க மலை திரையை முட்டியது.

"ஐயோ, பாரதூரமான அழுத்தம்!"

லீவுப் படிவத்தில் கையெழுத்துப் போட அவரைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

ஸில்மியா மக்கு இல்லை. மூச்சு வேகமானா வலப்பக்க மலை, மெதுவானா இடப்பக்க மலை என்று பிடித்துவிட்டாள். மறுநாள் மனசுக்குள் ஸுபுஹானல்லாஹ்வை இழுத்து இழுத்து ஓதி, நிதானமாக மூச்சு விட்டாள்.

"எப்படி மிஸ் இதைத் தாங்குறீங்க?" கிஷாந்துக்கே கண் கலங்கியது. லீவு கிடைத்தது.

ரகசியத்தை ஜுனைதாவிடம் மட்டும்தான் சொன்னாள். ஜுனைதாவும் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாள். அவ்வளவுதான், காரியாலயம் காலி. படியேறி இளைத்து வந்த சனங்களுக்குக் கிஷாந்த் கிளிப்பை மாட்டி, "உங்களுக்கு நிம்மதி, முறைப்பாடு எடுக்க ஏலாது" என்று திருப்பி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை, கண் ஆஸ்பத்திரி.

"டாக்டர் லீவு," என்றாள் நர்ஸ். "பாரதூரமான அழுத்தம். இங்கயும் அந்த மெஷின் வந்திருக்கு."

"அப்ப உம்மாட ஒப்பரேஷன்?" ஸில்மியா எழும்பிவிட்டாள்.

"பதறாதீங்க. மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விடுங்க. டாக்டரும் அப்படித்தான் விட்டாரு. யாரோ கிளாக் மிஸ் ஒருத்தி கண்டுபிடிச்சதாம்."

கண் தெரியாத உம்மா, குரல் வந்த பக்கம் கையை ஏந்தினார்.

"யாரு பெத்த புள்ளயோ, அல்லாஹ் அவளுக்கு ஒரு குறையும் வைக்காம இருக்கட்டும். ஆமீன் சொல்லு மகள்."