வாசுகியின் வாலை விட்டவன்

கைகூப்புவதால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை என்று எழுபது வயது கடந்தும் நம்பியிருந்தேன். இப்போது நம்புவதில்லை. என் வீட்டாரும் நம்புவதில்லை. கோயிலுக்குப் புறப்படும்போது, உடையக்கூடிய எதையும் அவர்கள் என் கையில் தருவதில்லை.

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய், சற்றுத் தொலைவில் அடையாற்றில் சேர்கிறது. சேருமிடத்தில் கோடையிலும் வற்றாத ஒரு மடு உண்டு. அதில் மென்மையான ஓடுடைய நன்னீர் ஆமைகள் சில வாழ்ந்தன. இந்த ஆற்றில் வேறெங்கும் அவற்றைக் காண்பது அரிது என்று எனக்குச் சொன்னவள் ஸ்டெல்லா. எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவள்; கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். நடைப்பயிற்சி என்ற பெயரில் அந்த மடுவின் கரையில் நின்று ஆமைகளுக்காகக் கவலைப்படுவாள். நானும் உடன் செல்வேன். என் கண்ணில் மட்டும் ஒன்றுகூடப் பட்டதில்லை. (ஆமையாய் அவதரித்தவனைப் போற்றும் பாசுரங்களை இளமை முதல் ஓதிவருபவனுக்கு இது எத்தகைய மனக்குறை என்பதை அன்பர்கள் உணர்வார்கள்.)

ஒருநாள் காலை, வெளிவட்டச் சாலையில் ஃபர்னஸ் ஆயில் ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்தது. ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். எண்ணெய் மழைநீர் வடிகாலில் இறங்கி, எங்கள் கால்வாயை நோக்கிக் கறுப்பாக ஊர்ந்து வந்தது.

ஸ்டெல்லா படியிறங்கி ஓடிவந்தாள். "சார், ஆமைங்க மூச்சு விட மேல வந்தே ஆகணும். வந்தா மூக்குல எண்ணெய்தான். மடுவுக்கு முன்னாடியே தடுக்கணும். உறிஞ்சுற வண்டி தாம்பரம் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நிக்குதாம்!"

தடுப்பு எங்கள் வாசலிலேயே உருவாயிற்று. பால்காரரின் தொழுவத்து வைக்கோலைப் பழைய புடவைகளுக்குள் திணித்து, ஒன்றோடொன்று முடிந்து, இரு முனைகளிலும் கயிறு கட்டினோம். என் மனைவி பங்கஜம் தன் சுங்குடிப் புடவையைக்கூடக் கொடுத்துவிட்டாள். நெளிந்து கிடந்த அதைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது.

"வாசுகி!" என்றேன்.

"யாரு சார் அவங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"பாற்கடலைக் கடைந்தபோது கயிறாய் வந்த பாம்பு அம்மா."

"பாம்போ கயிறோ, மிதந்தா சரி சார்."

மறுகரையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் முனுசாமி தம் முனையை ஒரு வேப்பமரத்தில் கட்டிவிட்டார். என் கரையில் மரமில்லை. கரையோரச் சுவரின் கம்பிக்குக் கயிறு எட்டவில்லை. யாராவது பிடித்தபடியே நிற்க வேண்டும்.

"உங்களால முடியுமா சார்?"

"தேர் வடம் பிடித்த கை அம்மா இது!" என்றேன். (வடத்தை நான் தொட்டதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.)

எண்ணெய் வந்தது. வைக்கோலில் மோதியது. நின்றது! மடுவின் பக்கம் நீர் தெளிவாகவே இருந்தது. அதாவது, எங்கள் கால்வாயில் எதைத் தெளிவு என்று சொல்ல முடியுமோ அந்த அளவுக்கு.

"சூப்பரு பெர்சு!" என்று அக்கரையிலிருந்து முனுசாமி கத்தினார். "அப்டியே புட்ச்சிக்கினு நில்லு. கைய கிய்ய வுட்றாத!"

ஸ்டெல்லா முதன்முறையாகச் சிரித்தாள். வண்டிக்கு வழிகாட்டச் சாலைக்கு ஓடினாள்.

அப்போது என் காலருகே தெளிந்த நீரில் ஒரு குமிழி எழுந்தது. பின் கூரிய சிறு மூக்கு. பின் பசுமை படர்ந்த ஒரு தலை. மறுகரையில் முனுசாமி, நடுவே வாசுகி, இக்கரையில் நான், கீழே ஆமை. வாழ்நாள் முழுதும் சொல்லில் மட்டுமே கண்ட காட்சி! (இதில் தேவர்களின் அணியில் இருப்பவன் நான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை.) கண்ணீர் மல்கிற்று. நா குழறிற்று. கைகள் தலைக்கு மேல் குவிந்தன.

இரண்டு கைகளும்.

"யோவ் பெர்சு! இன்னாயா பண்ற? கவுற வுட்டுக்கினியே! சாமி கும்புட்ற டைமாய்யா இது?"

கண்ணைத் திறந்தேன். (பரவசத்தில் மூடியிருந்தேன். காலமெல்லாம் ஏங்கிய ஆமையை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை.) வாசுகி மறுகரையோரம் போய்ப் படுத்திருந்தது. திறந்த வழியே கறுப்பு, அவசரமின்றி மடுவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. நீரில் குதித்தேன். இடுப்பளவு ஆழத்தில் வழுக்கி விழுந்து, கயிறென்று எண்ணி நான் எட்டிப் பிடித்தது என் வேட்டியின் நுனியை.

"நீ மேல ஏறு பெர்சு, உன்ன வேற காப்பாத்தணும்!" என்று நீந்தி வந்து முனுசாமி என்னைக் கரையேற்றினார்.

உறிஞ்சும் வண்டியோடு ஸ்டெல்லா வந்தாள். கால்வாயைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏன் சார்?"

"ஆமை வந்தது அம்மா."

"எங்க?"

காட்டினேன். அங்கே நீர் கறுத்திருந்தது.

கரையொதுங்கிய ஆமைகளை அவள் தன் குளியலறையில் வைத்து விடாமல் கழுவினாள். ஒன்றும் பிழைக்கவில்லை. புராணத்தில் நஞ்சு எழுந்தபோது அதை உண்ண ஒருவர் முன்வந்தார். எங்கள் கால்வாயில் அதை ஆமைகளே உண்ண வேண்டியிருந்தது.

இன்றும் கோபுரம் கண்ணில் பட்டதும் பங்கஜம் மருமகளிடம், "முதல்ல அவர் கையில இருக்கறதை வாங்கிடு" என்பாள். பேத்தியைத் தூக்கினால், "தாத்தா, என்னை இறக்கி விட்டுட்டு சேவிங்க!" என்று அலறுவாள். முனுசாமியின் ஆட்டோவில் ஏறினாலோ, "பெர்சு, கம்பிய கெட்டியா புட்ச்சிக்கோ. வழில கோயிலு கீது!" என்பார். வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

மாலையில் ஸ்டெல்லாவும் நானும் இன்னும் மடுவுக்குப் போகிறோம். அவள் நீரையே பார்த்திருப்பாள். நான் கரையோரச் சுவரின் கம்பியை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி நிற்பேன். அந்தக் கைகளைக் குவியச் செய்யும் எதுவும் இதுவரை அங்கே தலைதூக்கவில்லை.